நாலாம் நம்பர் தோல்

மிளகு அளவு தோல் போதும். ஒருவருடைய கால் எவ்வளவு தூரம் செத்துப்போயிருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். பத்தொன்பது வருஷமாக என் பிழைப்பு அதுதான்.

சுகர் உள்ளவர்கள் "கால் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்று வருவார்கள். கரண்ட் வைத்துப் பார்க்கிற பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. அந்த மெஷினுக்குப் பெரிய நரம்புகளை மட்டும்தான் தெரியும். சூட்டையும் வலியையும் சொல்கிற நரம்புகள் முடியைவிட மெல்லியவை, தோலின் மேல்விளிம்பு வரைக்கும் ஏறி வந்து நிற்பவை. சர்க்கரை முதலில் கைவைப்பது அவற்றின் மேல்தான். அதனால் கணுக்காலுக்கு மேலே, ஒரு உள்ளங்கை உயரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, பேனா மாதிரி ஒரு கருவியைத் திருகித் துளியூண்டு தோலை எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். மருந்தில் ஊறவைத்து, உறையவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவிச் சாயம் ஏற்றினால் நரம்பு மட்டும் கரும்பழுப்பாகத் தெரியும். அடித்தோலிலிருந்து எல்லை தாண்டி மேல்தோலுக்குள் ஏறுகிற இழைகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவேன். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை இழை? கேள்வி அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக் கணக்கு.

அந்த வருஷம் லேபில் சாயத்தை மாற்றினோம். புதுச் சாயத்தில் ஆரோக்கியமான தோல் எப்படித் தெரிகிறது என்று எங்களுக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்கு சுகர் இல்லாத ஐந்து பேர் தோல் கொடுக்க வேண்டியிருந்தது. லேபின் தலைமை டாக்டரான மேடம் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். "ஒரு நாள் லீவு உண்டு" என்று கடைசி வரியில் இருந்ததால் மத்தியானத்துக்குள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம். எக்ஸ்ரே எடுப்பவர், ஆம்புலன்ஸ் டிரைவர், வரவேற்பில் இருக்கிற பெண், நான், பிறகு ஷாக் அண்ணன்.

ஷாக் அண்ணன் ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன். ஐம்பத்திரண்டு வயசு, நல்ல உயரம், சதா சிரித்த முகம். ஒரு தடவை ஸ்விட்ச்போர்டில் கைவைத்துத் தூக்கியடிக்கப்பட்டு, எழுந்து உட்கார்ந்ததும் "யார்யா என்னைத் தள்ளிவிட்டது?" என்று சண்டைக்குப் போனாராம். அன்றைக்கு வந்த பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஐந்து பேரும் ஒரு மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொடுக்க வேண்டும். என் சீட்டைப் பார்த்த மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எல்லைக்கோட்டை மிதிச்சுக்கிட்டு நிக்கிறியே. வியாதின்னு சொல்ல முடியாது, சேர்த்துக்கலாம். ஆனா நாளையிலேர்ந்து நடக்கணும் நீ."

"சரிங்க மேடம்," என்றேன். நடக்கவில்லை.

தோல் எடுத்த அன்று ஊசிக்கு எல்லாரும் "ஸ்ஸ்" என்றோம். ஆம்புலன்ஸ் டிரைவர் தன் தாயாரையே கூப்பிட்டுவிட்டார். ஷாக் அண்ணன் மட்டும் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "இந்த எர்த் கம்பி சரியில்ல, அடுத்த வாரம் வந்து மாத்துறேன்," என்றார். டாக்டர் அதற்குள் தோலை எடுத்து முடித்திருந்தார். தைரியசாலி என்று எல்லாரும் பாராட்டினோம்.

மேடம் ஐந்து புட்டிகளிலும் பேரைக் கிழித்துவிட்டு, கலைத்துப் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர் ஒட்டினார். எந்த நம்பர் யாருடையது என்று எழுதின நோட்டை அவருடைய அலமாரியில் வைத்துப் பூட்டினார். நானும் என்னோடு வேலை பார்க்கிற இன்னொருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும். இருவரும் எண்ணி முடிக்கிற வரைக்கும் நோட்டைத் திறக்கக்கூடாது. ஆள் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார் மேடம். அந்த இன்னொருவருக்கு ஆமை என்று பேர். ஒரு ஸ்லைடுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார், ஆனால் ஒரு இழைகூடத் தப்பாது. அவருடைய தங்கைக்குப் பிரசவம் என்று லீவில் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார்.

வியாழக்கிழமை காலையில் நான் மட்டும் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்றாம் நம்பர் பதினொன்று. மழைக்குப் பிறகு முளைத்த புல் மாதிரி, இழைகள் வரிசையாக எல்லையைத் தாண்டி ஏறி நின்றன. இரண்டாம் நம்பர் பத்துக்குக் கொஞ்சம் கம்மி. மூன்று, பன்னிரண்டரை. புதுச் சாயம் நன்றாகவே பிடித்திருக்கிறது என்று திருப்தியாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து நாலாம் நம்பரை வைத்தேன்.

முதலில், பிம்பம் இன்னும் சரியாக விழவில்லை போல என்று நினைத்துத் திருகினேன். தெளிவாகத்தான் இருந்தது. தோல் இருந்தது, எல்லை இருந்தது. இழைகள்தான் இல்லை. கண்ணை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். வெட்டவெளி. ரொம்ப தூரம் போனபிறகு ஒற்றை இழை, அதுவும் நடுவில் வீங்கி முடிச்சு விழுந்து, மேலே ஏறமுடியாமல் நின்றது. மறுபடி வெட்டவெளி.

மற்ற சீவல்களையும் பார்த்தேன். மூன்று தடவை எண்ணினேன். ஒன்றரை.

அந்த மாதிரி ஸ்லைடை நான் ஆயிரம் பார்த்திருப்பேன். எல்லாம் எங்கோ இருக்கிற நோயாளிகளுடைய தோல். எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போவேன். இது எங்கள் ஐந்து பேரில் ஒருவருடையது.

மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துப் பார்த்தேன். தெரிகிறதா? தெரிகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குக்கூடச் சில சமயம் நரம்பு முன்னாலேயே போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நம்பரைப் பார்த்தேன். ஒன்பது. அது நானாக இருக்கக்கூடாதா? தோலின் நிறத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமா என்றுகூட முயன்றேன். நாங்கள் ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே நிறம்.

மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கதவு வரைக்கும் போனேன். "நாலாம் நம்பர் மோசமா இருக்கு மேடம்" என்று சொன்னால் அவர் நோட்டைத் திறந்தாலும் திறப்பார். திறந்து, என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்ததும் கால் நகரவில்லை. ஆமை வரட்டும், விதி அதுதானே என்று எனக்கு நானே சட்டம் பேசிவிட்டுத் திரும்பினேன்.

என் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. என் அப்பாவின் முகம்.

அப்பாவுக்குப் பல வருஷம் சுகர். ஒருநாள் சாயங்காலம் கால் வலிக்கு வெந்நீரில் கால் வைக்கவேண்டும் என்றார். நான்தான் வாளியில் ஊற்றிவிட்டு, பச்சைத்தண்ணீர் கலக்க எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் இரண்டு காலையும் உள்ளே வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "தண்ணி இன்னும் சூடாகலையாம்மா?" என்று கேட்டார். ஆவி அவர் முழங்கால் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. காலைத் தூக்கினபோது தோல் வாளியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் பதினோரு மாதம்தான் இருந்தார், அதிலும் பாதி நாள் ஒற்றைக்காலோடு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. இந்த வேலைக்கு நான் வந்ததே அதனால்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் குளியலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கிண்ணத்தில் ஐஸ், ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு ஸ்பூன். என் கணவர் தையல்காரர், கடை கீழ்வீட்டிலேயே. ஏதோ அளவு டேப்பைத் தேடி மேலே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்ன, சமையலை இங்க மாத்திட்டியா?"

"கண்ணை மூடிக்கிறேன். நீங்க ஒரு ஸ்பூனைக் காலில் வைங்க. எதுன்னு சொல்றேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசிக்கு நூல் கோக்கிற கவனத்தோடு ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். சூடு. ஜில். ஜில். சூடு. நடுவில் எனக்குச் சந்தேகம் வந்து, யோசித்து யோசித்துச் சொன்னேன். முடிந்ததும் கேட்டேன்.

"எத்தனை சரி?"

"பத்துக்கு எட்டு."

"ரெண்டு தப்பா?"

"அடியே, நீ யோசிக்கிற நேரத்துல ஸ்பூன் ஆறிப்போச்சு. எனக்கே எதுன்னு தெரியல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ன ஆச்சு?"

சொன்னேன். அவர் என் பாதத்தைக் கையில் எடுத்து அப்படியே பிடித்துக்கொண்டார். "அஞ்சு பேருல ஒருத்தர்தானே. நாலு பங்கு நீ இல்லன்னுதானே கணக்கு," என்றார். கணக்கு சரிதான். ஆனால் பயம் பங்கு போடாது, முழுசாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷாக் அண்ணன் லேபுக்கு வந்தார். ஏசி சத்தம் போடுகிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். புதன்கிழமை டியூப்லைட்டைப் பார்க்க வந்தார், வியாழக்கிழமை எர்த் கம்பிக்கு. ஏசி ஒரு சத்தமும் போடவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவும் இல்லை.

"என்ன தங்கச்சி, எங்க தோலெல்லாம் எப்படி இருக்கு? செருப்பு தைக்கலாமா?"

"வேலையா இருக்கேண்ணே."

"இதுல எது யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது."

"ஓ." ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "சரி, ஏதாச்சும் ஒண்ணு மோசமா இருக்குன்னு வை. அப்ப அந்த ஆளுக்குச் சொல்லுவீங்கள்ல?"

என்னைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது, ஆழம் பார்க்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாளிலிருந்து அடைத்து வைத்திருந்தது வாயைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது.

"நாலாம் நம்பர் மோசம்ணே. நரம்பே இல்ல. போதுமா? போய் வேலையைப் பாருங்க."

சொல்லக்கூடாத விஷயம். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் வைத்தார், அது பைக்கு வெளியே விழுந்தது. குனிந்து எடுத்தார்.

"பாவம், யாரோ," என்றார்.

அவர் வராந்தாவில் போனபோது ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் தரையில் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஷூவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் காலைப் பற்றிய யோசனையில் இருந்த எனக்கு இன்னொருவர் காலைப் பற்றி யோசிக்க இடம் இல்லை.

சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் வெறுங்காலோடு நடக்கவில்லை. என் மகள் கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைத்தால்கூட "தள்ளி வை, தள்ளி வை" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் பயங்கரக் கதை எழுதச் சொன்னார்கள், அம்மாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை ஆமை வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எண்ணுவதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஸ்லைடு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நாலாம் நம்பரை வைத்தவர் ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு கண்ணை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி வைத்தார்.

"இது நல்ல ஆளோட தோலா?" என்றார்.

"எண்ணுங்க," என்றேன்.

ஒன்று புள்ளி நாலு என்று எழுதினார். என்னுடையது ஒன்று புள்ளி ஐந்து. ஐந்தாம் நம்பரையும் அவர் முடித்த பிறகு இருவரும் மேடத்திடம் போனோம். மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தார். அவர் விரல் பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு... நீ," என்றார் என்னைப் பார்த்து. "ஒன்பது புள்ளி எட்டு. நல்லாத்தான் இருக்கு."

நான் சந்தோஷப்பட்டேன். மறைக்கமாட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரை நிமிஷம் இந்த உலகத்தில் என்னைவிடச் சுகமான ஆள் கிடையாது.

"நாலு, நம்ம ஷாக்கு," என்றார் மேடம்.

ஆமை "ஐயோ" என்றார். மேடம் சீட்டுகளைத் தேடி அவருடையதை எடுத்தார். "ரிப்போர்ட் நார்மல்னு இருக்கே... வயசு ஐம்பது? ஐம்பத்திரண்டுல்ல அவருக்கு?"

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. ஊசி போட்டபோது பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினம் ஒரு சாக்குச் சொல்லி லேபுக்கு வந்தது. "அந்த ஆளுக்குச் சொல்லுவீங்கள்ல?" என்று கேட்டது. பிறகு அந்தச் சத்தம்.

"மேடம், அவர் காலைப் பார்க்கணும். இப்பவே," என்றேன்.

ஷாக் அண்ணன் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டதற்கு அவர் மனைவி, "எப்பவும் போல டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்துட்டாரே?" என்றார். சனிக்கிழமை வரவில்லை, இன்றைக்குக் காலையில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார் என்று வாசல் காவலர் சொன்னார். நானும் மேடமும் அடித்தளத்துக்கு இறங்கினோம். அங்கேதான் மின்சார அறை. இரும்புக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே மெயின் போர்டு ம்ம்ம் என்று உறுமிக்கொண்டிருந்தது. சூடான ரப்பர் வாடை. அதற்கு நடுவில் இன்னொரு வாடை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு அது என்ன வாடை என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் ஷாக் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஷூ போட்ட காலை முன்னால் நீட்டி வைத்திருந்தார், அது யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரி. முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்வை. காய்ச்சல் கொதித்தது.

எங்களைப் பார்த்ததும், "நாலு நான்தானே?" என்றார்.

மேடம் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"தெரியும். எட்டு வருஷமா சுகர் மேடம். யாருக்கும் சொல்லல. ஏணியில ஏறக்கூடாதுன்னு சொல்லிடுவீங்க, அப்புறம் எனக்கு என்ன வேலை தெரியும்? அந்தச் சீட்டு என் தம்பியோடது. எங்க ரெண்டு பேருக்கும் தலைப்பெழுத்து ஒண்ணு, என் சொந்தப் பேரு இங்க யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"அப்புறம் எதுக்கு நீங்களா வந்து தோலைக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "போன மழைக்காலத்துலேர்ந்து கால் எரிஞ்சுது. அப்புறம் ஒருநாள் எரியறது நின்னுபோச்சு. சரியாப்போச்சுன்னு சந்தோஷப்பட்டேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம். டாக்டர்கிட்ட போனா சொல்லிடுவாங்க. இதுன்னா பேரு கிடையாது, நம்பர்தான். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம், மோசமா இருந்தா... உன்கிட்ட கேட்டா உன் முகத்துல தெரிஞ்சிடும்னு நினைச்சேன் தங்கச்சி."

மூன்று நாள் அவர் முகத்தை நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

"ஷூவைக் கழட்டுங்க," என்றார் மேடம்.

"வேணாம் மேடம்."

"கழட்டுங்க."

"நேத்து சாக்ஸ் ஈரமா இருந்துச்சு. நான் கீழே பார்க்கல. பார்க்கவே பயமா இருக்கு. அப்படியே மறுபடி ஷூவைப் போட்டுக்கிட்டேன்." அவ்வளவு பெரிய மனிதர், இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "வலிக்கலையே மேடம். வலிச்சா பார்த்திருப்பேன்ல?"

நான் மண்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காலை மெதுவாகத் தூக்கினேன். ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பியதும் மேடம் டார்ச் அடித்தார். கட்டைவிரலுக்குக் கீழே வருகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூவின் தலை. நடந்து நடந்து தேய்ந்து, காசு மாதிரிப் பளபளவென்று மின்னியது. மீதி ஸ்க்ரூ ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியாது.

அவர் மேலே கம்பிகளைப் பார்த்துக்கொண்டு, "என்ன இருக்கு? என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காலில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும். அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை, என் அப்பாவின் வாளியைத் தவிர.

ஷூவை அங்கே கழற்ற முடியவில்லை. நாற்காலி வண்டியில் வைத்து மேலே கொண்டுபோய் வெட்டித்தான் எடுத்தார்கள். கட்டைவிரலின் எலும்பு வரைக்கும் சீழ் போயிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அறுவை சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். கணுக்கால் வரைக்கும் போகவேண்டியிருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று அறுவை டாக்டர் சொன்னார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே பெஞ்சில் அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணி அழவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தார்.

"போன் வந்ததும் வீட்டையே புரட்டிட்டேன்," என்றார். "மாத்திரையை மீட்டர் பெட்டிக்குள்ள வெச்சிருக்கார். ஷாக் அடிக்கும், நீ தொடாதேன்னு எட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தார். நானும் தொடல." டப்பாவைத் திறந்து காட்டினார். பாதி மாத்திரை அப்படியே இருந்தது. "இதைக்கூட ஒழுங்கா முழுங்கல மனுஷன். எனக்குப் பயந்தா? இல்ல இதுக்கே பயந்தா?"

"எல்லாருக்கும் பயம்தான் அண்ணி," என்றேன். வெள்ளிக்கிழமை நான் கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டும் கூப்பிடவில்லை என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"வீட்டுலயும் கேட்டுச்சு," என்றார். "புதன்கிழமையிலேர்ந்து. தரை கீறுதே, ஷூவை வாசல்ல விடுங்கன்னு நான்தான் சத்தம் போட்டேன்."



டாக்டர் வெளியே வந்து, கட்டைவிரலோடு நின்றுவிட்டது, பாதம் தப்பித்தது என்றபோது அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஷாக் அண்ணன் மூன்று வாரம் படுத்திருந்தார். ஏணி வேலை இனி கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. மேடம் போய் ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தார். இப்போது அவர் பழுதான சாமான்களை மேஜையில் வைத்துச் சரிசெய்கிறார். கட்டைவிரல் இருந்த இடத்தில் பஞ்சு வைத்த தனி ஷூ. காலையில் அண்ணி இரண்டு பாதத்தையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவின பிறகுதான் வாசலைத் தாண்ட முடியும். "ஏர்போர்ட்லகூட இவ்வளவு சோதனை கிடையாது," என்பார். மாத்திரை டப்பா சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. நானும் தினம் நடக்கிறேன். என் ரத்தம் இன்னும் எல்லையில்தான் நிற்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை சீட்டை வாங்கப் போகிற அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு வருஷம் கழித்து மேடம் அவரைக் கூப்பிட்டுப் பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே மறுபடி தோல் எடுத்தார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் சில பேருக்கு இழைகள் கொஞ்சம் திரும்ப முளைக்கும், எல்லாருக்கும் இல்லை, நம்பிக்கை கொடுத்துவிடாதே என்று என்னிடம் சொன்னார். மற்ற நோயாளிகளுடைய புட்டிகளோடு கலந்துவிட்டார். எது அவருடையது என்று தெரியாமல் நானும் ஆமையும் எண்ணினோம். நோட்டைத் திறந்ததும் பார்த்தால் ஒன்று புள்ளி ஏழு.

முளைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. எண்ணுகிறவர் கை முன்னே பின்னே இருந்தாலே அந்த அளவு வித்தியாசம் வந்துவிடும்.

அவர் வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். பழைய மாதிரி சாக்கு எதுவும் இல்லை, நேராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

"கூடியிருக்கா?" என்றார்.

"இல்லண்ணே." பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆனா குறையல. இந்த ஒரு வருஷத்துல ஒரு இழைகூடப் போகல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. பிறகு மூச்சை விட்டு, போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"குறையலையாம்," என்றார். அந்தப் பக்கம் அண்ணிக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று இன்னும் சத்தமாகச் சொன்னார். "குறையலையாம்மா. குறையல."